கிட்டங்கி தாண்டி மருந்து கொண்டு வந்து தந்த எல்லாருக்கும்

வணக்கம். வெள்ளம் வடிஞ்ச கையோட எழுதியிருக்கணும், வீட்டுக்குள்ள சேறு வழிக்கவே ரெண்டு கிழமை போயிட்டு, குறை நினைக்காதீங்க.

2024 நவம்பர் கடைசியில கிழக்கிலங்கையில எங்கட நாவிதன்வெளிப் பக்கம் எப்பிடிக் கிடந்ததெண்டு அம்பாறை, மட்டக்களப்பு ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. உயர்தர (ஏ.எல்) சோதனையையே இடையில நிப்பாட்டின மழை. கல்முனைக்குப் போற வழியில இருக்கிற கிட்டங்கித் தாம்போதிக்கு (தாழ்ந்த தரைப்பாலம்) மேலால தண்ணி பாஞ்சா கல்முனை எங்களுக்கு கடலுக்கு அங்கால இருக்கிற ஊர் மாதிரித்தான். அதுக்குள்ள 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில உழவு மெசின்ல வந்த மத்ரசாப் புள்ளைகளத் தண்ணி கொண்டு போன செய்தி வேற, அதுக்குப் பிறகு ஆரையும் "போயிட்டு வா" எண்டு சொல்ல வாய் வரல்ல.

வீட்ட விட்டு வந்த ஆக்கள் இருந்த முகாமுக்குச் சோறு வந்திட்டு, பாய் வந்திட்டு, உடுப்பு தேவைக்கு மேலயே வந்திட்டு. மருந்துதான் சிக்கல். காயம், காய்ச்சலுக்கெல்லாம் ஏதோ சமாளிச்சம், ஆனா முகாமில பாதிப் பேர் பிரஷர், சீனி வருத்தத்துக்கு மாசாமாசம் கிளினிக்ல மருந்து எடுக்கிற வயசாளிகள். ஒரு பெத்தா சேலை முந்தானைய அவிட்டுக் காட்டினா, உள்ளுக்குள்ள வெள்ளை, மஞ்சள், ரோஸ் எண்டு குளிசையெல்லாம் நனைஞ்சு ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு, உறை ஒண்டும் இல்ல, கிளினிக் கொப்பியும் ஊறி மை பரவிப் போயிட்டு. "இதுல எது மனே காலையில போடுற?" எண்டு என்னக் கேட்டா. எனக்கு என்ன தெரியும்?

அண்டைக்குத்தான் கொழும்பில இருக்கிற ஒரு மருந்துக் கம்பனியில இருந்து அவங்கட ரெப் (பிரதிநிதி) தம்பி கோல் எடுத்தார். பேர் போட வேணாமெண்டு அவங்களே சொல்லிட்டாங்க, அதால போடல்ல. அவர் கேட்ட முதல் கேள்விய நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன், "அண்ணே, என்ன அனுப்புற எண்டு நாங்க முடிவெடுக்கல்ல, உங்கட ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட்ட லிஸ்ட் ஒண்டு வாங்கித் தாங்க, எம்.ஓ.எச்சுக்கும் (சுகாதார வைத்திய அதிகாரி) சொல்லுங்க." இதென்ன பெரிய விசயமா எண்டு கேப்பீங்க. 2004 சுனாமிக்குள்ள நான் சின்னப் பொடியன், அப்ப வந்த பெட்டிகள் ஞாபகம் இரிக்கி, என்ன பாசை எண்டே தெரியாத எழுத்து, ஆரும் தொட மாட்டாங்க. பார்மசிஸ்ட் மிஸ் சொன்னா, அந்தச் சுனாமியில இந்தோனேசியாவிட ஆச்சே பக்கம் மட்டும் 4,000 தொன் மருந்து வந்து குவிஞ்சதாம், கனக்க மருந்து அந்த ஊர் ஆக்களுக்கு வாசிக்கவே ஏலாத பாசையில இருந்து கடைசியில அழிக்கிறதுக்கும் காசு செலவழிச்சாங்களாம். உலக சுகாதார நிறுவனம் 1996லயே சொல்லி வெச்ச விதி, மருந்து வந்து சேரக்குள்ள இன்னும் ஒரு வருசமாவது திகதி இருக்கணும், ஆரும் பாவிச்சு மிஞ்சினது வேணாம் எண்டு. இந்த முறையும் எங்களுக்கு வீட்டில திறந்த சிரப் போத்தல், பாதி வெட்டின குளிசை கார்ட் எல்லாம் ரெண்டு பேக் வந்த. அன்போட தந்தவங்கதான், ஆனா அதைப் பிரிச்சுப் பார்க்கவே ஒரு பின்னேரம் போயிட்டு.

மிஸ்ட லிஸ்ட்ல இருந்தது பகட்டில்லாத சாமான். பிரஷர், சீனிக் குளிசை, இன்சுலின், வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி, இன்ஹேலர், சேத்துப்புண்ணுக்குப் பூசுறது, வெள்ளத் தண்ணியால வாற எலிக்காய்ச்சலத் தடுக்க டொக்சிசைக்ளின். பெரும்போகம் விதைச்ச நேரம், தண்ணி வடிய முந்தியே ஆக்கள் வயல் வட்டைக்குள்ள இறங்குவாங்க, அதுக்குத்தான் அந்தக் குளிசை, கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம், பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா பேர் எழுதி எழுதிக் குடுத்தார்.

லொறி கல்முனை வரைக்கும் வந்திட்டு. மறுகா தோணி. இன்சுலின ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டிக்குள்ள வெச்சு, ஐஸுக்கும் போத்தலுக்கும் இடையில பழைய துவாய் ஒண்டு மடிச்சு வெச்சு, மூடியில மிஸ் மார்க்கரால எழுதியிருந்தா, "ஐஸ் தொட்டா மருந்து செத்துப் போகும்". உறைஞ்ச இன்சுலின் பாவிக்கேலாதாம், 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில இருக்கணும். தோணியில வந்த பொடியன் மழைக்க தன்ர கோட்டக் கழட்டிப் பெட்டிக்கு மேல போட்டுக்கொண்டு வந்தான், தான் நடுங்கி நடுங்கி. கரையில அவனுக்கு ஒரு பிளேன்டி குடுக்கக்கூட எனக்குத் தோணல்ல தம்பி, மன்னிச்சுக்க.

கம்பனிக்காரங்களுக்கும் ரெப் தம்பிக்கும், லொறி ஓட்டி வந்த சிங்கள அண்ணருக்கும், மிஸ்ஸுக்கும், பி.எச்.ஐ ஐயாவுக்கும், தோணிப் பொடியனுகளுக்கும், ஜெனரேட்டர் போட்டுத் தன்ர பிரிஜ்ஜ மூணு நாள் எங்களுக்கு விட்டுத் தந்த கடைக்கார நானாவுக்கும் முகாமில இருந்த எல்லார்ட நன்றியும். நானா, டீசல் காசு கேக்கல்ல நீங்க, நாங்களும் குடுக்கல்ல, அது மனசில இரிக்கி.

ரெப் தம்பி, உங்கட ரெஜிபோம் பெட்டி ரெண்டும் எங்கட வீட்டதான் கிடக்கு, கழுவிக் காய வெச்சிட்டன். வெறும் பெட்டியாத் திருப்பிக் குடுக்கக் கூடாதாம் எண்டு பெத்தா நாலு கொத்து அரிசி போட்டு வெச்சிருக்கா. கல்முனைப் பக்கம் வந்தா கோல் எடுங்க, கிட்டங்கியில தண்ணி வத்திட்டு.