மொயராக்கியில் அரை மணி நேரம் போதாது

அன்பு மகளுக்கு,

ஜனவரியில் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து காரில் வரும்போது மொயராக்கியின் உருண்டைப் பாறைகளை அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று போனில் சொன்னாய். பிள்ளைகள் கூச்சலில் அப்போது என்னால் விவரமாகப் பேச முடியவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஓமரு ஊரிலிருந்து தெற்கே 40 கிலோமீட்டர் அளவில் வரும் கோயகோஹே கடற்கரை அது. கிளம்பும் முன்பே அலை நேரத்தைப் பார்த்துக்கொள். கடல் ஏறியிருந்தால் பாறைகளின் தலை மட்டும்தான் தெரியும். நன்றாக வற்றியிருக்கும்போது போனால் ஒவ்வொன்றையும் சுற்றி வரலாம். பெரியவை 2 மீட்டர் குறுக்களவு இருக்கும், சின்னவன் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

பார்த்ததும் அவன் "யார் இதைச் செய்தது?" என்று கேட்பான். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் கதையை நீதான் சொல்ல வேண்டும். பசிபிக் தீவுக்காரர்களான பாலினேசியர்களின் தாய்நிலமான ஹவாயிக்கியிலிருந்து அராய்-தெ-உரு என்ற பெரிய படகு வந்தது. இந்தக் கரையோரம் அலையில் சிக்கிக் கவிழ்ந்தது. அதிலிருந்த விலாங்கு பிடிக்கும் பறிகளும் சுரைக்குடுக்கைகளும் குமாரா கிழங்குகளும் கரையில் ஒதுங்கிக் கல்லாகிவிட்டன. உருண்டையானவை பறியும் குடுக்கையும், கோணலானவை கிழங்கு. குமாரா என்றால் நம் சர்க்கரைவள்ளிதான். தென் அமெரிக்காவில் தோன்றிய கிழங்கைப் பாலினேசியர்கள் தீவு தீவாகக் கொண்டுபோனார்கள். இங்கே தெற்கில் குளிர் அதிகம், அது லேசில் விளையாது. அப்படிப்பட்ட ஊரில் அந்தச் சரக்கு கடலோடு போனதை இத்தனை தலைமுறையாக மறக்காமல் சொல்லிவருவது எனக்கு நன்றாகவே புரிகிறது.

பெரியவளுக்கு அறிவியல் பிடிக்கும், அவளைச் சேற்றுப்பாறைச் சரிவு பக்கம் கூட்டிப்போ. பாதி வெளியே, பாதி உள்ளே என்று உருண்டைகள் நிற்கும். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடலடிச் சேறு. அந்தச் சேற்றுக்குள் கால்சைட் என்ற தாது, நூலைச் சுற்றிக் கற்கண்டு கட்டுகிற மாதிரி, ஒரு மையத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பெரிய உருண்டை ஒன்று இந்த அளவுக்கு வளர 40 லட்சம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்கிறார்கள். பிறகு கடலடி மேலே எழும்பி நிலமாயிற்று. இப்போது அலை மிருதுவான சேற்றுப்பாறையை அரிக்க அரிக்க, கெட்டியான உருண்டைகள் வெளியே வருகின்றன. உடைந்து கிடக்கும் ஒன்றிரண்டில், உள்ளே வெடிப்பு ஓடி, அதில் மஞ்சளாகக் கால்சைட் நிரம்பியிருப்பதைக் காட்டு.

மேலே ஏறிக் குதிக்க விடாதே. 1848-இல் வால்டர் மேன்டெல் என்பவர் இந்தக் கரையை வரைந்து வைத்திருக்கிறார். அப்போது இதைவிட நிறைய பாறைகள் இருந்தன. தூக்க முடிந்த சின்னக் கற்களையெல்லாம் வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. இப்போது சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

சரி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். பஸ்ஸில் வருபவர்கள் உருண்டைகளைப் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்த்தது சிதறிய சரக்கை மட்டும்தான். படகு இன்னும் கொஞ்சம் தெற்கே, மட்டகையா முனையில் இருக்கிறது. ஷேக் பாயின்ட் என்றுதான் பலகையில் பெரிதாக இருக்கும். அங்கிருந்து கடலுக்குள் நீண்டு போகும் பாறைத்திட்டுதான் அராய்-தெ-உருவின் உடல். அதில் வந்தவர்கள் விடிவதற்குள் திரும்ப முடியாமல் மலைகளாகிப் போனார்கள் என்பது தெற்குத் தீவின் காய் தாஹு என்ற மாவோரி மக்கள் சொல்லும் கதை. இந்த நாட்டிலேயே உயரமான அவோராக்கி மலையின் பெயரும் அதில் வந்தவர் ஒருவருடையது என்பார்கள். பறியில் தொடங்கி மலை வரைக்கும் இந்தக் கரை முழுவதும் ஒரே கதை. எழுத்து இல்லாத காலத்தில் ஒரு பிள்ளைக்கு ஊரின் ஒவ்வொரு மேட்டையும் பாறையையும் மனசில் பதிய வைக்க இதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

அந்தக் காய் தாஹு மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் தன் மேலாடையை எடுத்து ஒருவர் மேல் போர்த்திவிட்டால், அவர் தலைவரின் பாதுகாப்பில் வந்துவிடுவார். 1998-இல் அவர்கள் இழந்த நிலங்களுக்காக அரசாங்கத்தோடு ஏற்பட்ட தீர்வுச் சட்டத்தில், அதே வழக்கப்படி சில இடங்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தார்கள். அவற்றில் மட்டகையாவும் ஒன்று. பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல். அங்கே பாறை மேல் கடல்நாய்கள் படுத்திருக்கும், கிட்டே போக வேண்டாம்.

ஓமருவில் சாப்பிட்டுவிட்டு எனக்கு போன் பண்ணு. அப்பாவும் நானும் டனீடனிலிருந்து மட்டகையாவுக்கே வந்துவிடுகிறோம். காற்று பலமாக இருக்கும், பிள்ளைகளுக்கு ஜாக்கெட்டை மேலாக எடுத்து வை.

அன்புடன்,
அம்மா