எல்லோருடைய கவரையும் பிரிக்கத்தான் வேண்டுமா?

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையில், பிள்ளைகள் பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் பெரியவர்கள் தங்கள் தனியுரிமையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கைபேசிப் படங்களையும் உரையாடல்களையும் நிறுவனங்கள் சோதிக்க விட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு வரி வந்திருந்தது. நான்கு நாளாகியும் அந்த வரி என் மனதை விட்டு இறங்கவில்லை. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் முப்பத்தோரு ஆண்டுகள் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். செல்போன் வருவதற்கு முன்பு ஊராரின் கல்யாண வீடும் துஷ்டி வீடும் என் டார்க் ரூமில், சிவப்பு பல்பின் கீழ், ஒரே டிரேயில்தான் மிதந்தன. ஒருவர் வீட்டுப் படத்தை இன்னொருவர் கண்ணில் காட்டியதில்லை. படத்தையும் நெகட்டிவையும் ஒரே கவரில் போட்டு, கொண்டுவந்தவர் கையில் மட்டுமே கொடுப்பேன்.

ஒருமுறை, வெளியூர்க்காரர் ஒருவர் கழுவக் கொடுத்த ரோலில், தாமிரபரணிப் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த சிறுமிகளை மறைந்திருந்து எடுத்த நான்கு படங்கள் இருந்தன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. பிரிண்ட் போட மறுத்து, அந்த நெகட்டிவுகளைத் திருப்பித் தராமல், பெண்பிள்ளைகளின் வீட்டாரிடம் சொன்னேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-ல். அதற்குப் பல ஆண்டுகள் முந்திய கதை இது. அச்சட்டத்தின் 20-ஆவது பிரிவைத் தாங்கள் அறிவீர்கள். குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் எதையேனும் காண நேர்ந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியவர்கள் என்று பத்திரிகைத் துறையினரையும், விடுதி, மருத்துவமனை ஊழியர்களையும், என்னைப் போன்ற ஸ்டூடியோக்காரர்களையும் அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. கண்ணில் பட்டால் சொல் என்பதுதான் அங்கே கடமை. கடைக்கு வருகிற அத்தனை பேரையும் சந்தேகித்து, ஒட்டிய கவரையெல்லாம் பிரித்துப் பார் என்று எந்த வரியிலும் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்களே, அந்த உரிமையைக் கட்டுரையாளர் இவ்வளவு எளிதாகக் கேட்டு வாங்கலாமா?

கவரைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2021-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பனார், மருத்துவருக்கு அனுப்புவதற்காகத் தம் சிறு மகனின் உடலில் வீங்கியிருந்த இடத்தைப் படமெடுத்தார். கூகுளின் இயந்திரம் அதைக் குற்றமாகக் கண்டது. கணக்கு மூடப்பட்டது, காவல்துறை விசாரித்துக் குற்றம் ஏதுமில்லை என்று சொன்ன பிறகும் திறக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆப்பிள் நிறுவனம், தன் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடுக்குப் போகும் படங்களை ஒரு பட்டியலோடு கைபேசியிலேயே ஒப்பிட்டுப் பார்க்கப்போவதாக அறிவித்தது. இன்றைக்குக் குழந்தைகளை வதைக்கும் படங்களின் பட்டியல். நாளைக்கு ஓர் அரசு வேறு படங்களையும் அதில் சேர்க்கச் சொன்னால் யார் தடுப்பது என்று வல்லுநர்கள் கேட்டார்கள். 2022 டிசம்பரில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பிரிக்காத கவருக்குள் அக்கிரமம் நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது, என் கடைக்கே வந்ததே. ஆனால், நேரே கொண்டுபோய்க் கண்முன் வைத்த அக்கிரமத்துக்கு இந்த நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்பதைக் கட்டுரையாளர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை ஒருத்தியின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி, யாரோ ஒரு பாவி ஒரு செயலியில் போட்டுவிட்டான். மடியிலிருந்த பீடித்தட்டை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, அவளுடைய அம்மா என்னிடம் ஓடிவந்தார். “அண்ணாச்சி, படம் உங்க தொழிலாச்சே, இதை அழிச்சுத் தாங்க” என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. புகார்ப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. என் மருமகள் நிரப்பி அனுப்பினாள். 2021-ஆம் ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இப்படி ஒட்டிய படங்களைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று அப்போது சொல்லியிருந்தன. ஆறாவது நாள், தங்கள் விதிகளுக்கு முரணாக எதுவும் காணப்படவில்லை என்று ஓர் இயந்திரம் பதில் எழுதியது. அந்த ஆறு நாளும் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. அதன் பிறகு அம்பாசமுத்திரத்தில் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து எழுத்தில் மிரட்டிய பின்பே படம் இறங்கியது.

அங்கே யாருடைய தனியுரிமை குறுக்கே நின்றது? தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் அந்தப் பக்கம் இல்லை என்பதே குறை. மனது வைத்தால் வழி இருக்கிறது என்பதற்கு, அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் தொடங்கிய ‘டேக் இட் டவுன்’ சேவையே போதும். பதினெட்டு வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படத்துக்கு ஓர் எண்-அடையாளம் அவரவர் கைபேசியிலேயே உருவாகிறது. படம் கைபேசியை விட்டு வெளியே போவதில்லை, அந்த எண் மட்டும் சேவையில் சேர்ந்த நிறுவனங்களுக்குப் போகிறது, அதை வைத்து அவை படத்தைக் கண்டுபிடித்து நீக்கலாம். மறையாக்கம் செய்த, அதாவது பேசிக்கொள்பவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாத உரையாடலுக்குள் அது எட்டாது, உண்மைதான். எட்டுகிற இடத்திலாவது பிள்ளையின் மானமும் பாதுகாப்பும் சேர்ந்தே காக்கப்படுகின்றனவே.

வருத்தத்தோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு தாங்கள் வெளியிட்ட ஒரு போக்சோ வழக்குச் செய்தியில், சிறுமியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஊர், தெரு, தகப்பனார் செய்யும் வேலை அத்தனையையும் அச்சிட்டிருந்தீர்கள். அன்று மாலையே டீக்கடையில் அந்த வீட்டை விரல் நீட்டிக் காட்டினார்கள். குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என எதைக் கொண்டும் பிள்ளை அடையாளம் தெரியக்கூடாது என்று அதே சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. அப்போதே கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை, பதிலும் இல்லை.

ஆகவே தங்களிடம் கேட்பது சிறிய காரியம்தான். இனி இத்தகைய செய்திகளில் தெருவையும் தொழிலையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், பெயர் சொல்லாமலே புகார் அளிக்கலாம் என்ற குறிப்போடு தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தின் முகவரியையும் தமிழில் அச்சிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரர்,
கல்லிடைக்குறிச்சி, திருநெல்வேலி மாவட்டம்.