டிரைவர் எங்கே படுப்பார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உங்கள் நாளிதழில் கொடைக்கானல் ஏரிச் சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் படம் வந்திருந்தது. அந்த வரிசையில் எங்கள் டெம்போ டிராவலரும் எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுத் தேடினேன், அகப்படவில்லை. நெரிசலைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதில் ஒருவன். அந்த வண்டிகளை ஓட்டி வந்தவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். நான் அஞ்சல் துறையில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்துக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அப்பா கட்டிய வீடுதான். அண்ணன், தங்கை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் அங்கே வந்து விழுவார்கள். அந்த வீட்டைப் போன வருடம் விற்றுப் பங்கு பிரித்துவிட்டோம். என்னுடையது இரண்டு படுக்கையறை வாடகை வீடு. அதில் 14 பேர் எப்படித் தங்குவது? அண்ணன் மகன்தான் வழி சொன்னான்: "சித்தப்பா, கொடைக்கானல்ல ஒரு காட்டேஜ் எடுத்துருவோம். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்த மாதிரியும் ஆச்சு." அம்மாவுக்கு 81 வயது. "குளிருமேடே" என்றார். அப்புறம் அவரே பெட்டியிலிருந்து அப்பாவின் கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்து வெயிலில் போட்டார்.

வில்பட்டி போகும் பாதையில் ஒரு காட்டேஜ் கிடைத்தது. நான்கு அறை, ஒரு பெரிய ஹால், சமையல்கட்டு, முன்னால் பேரிக்காய் மரம். மற்ற நாளில் ஒரு ராத்திரிக்கு 9,000 ரூபாய், கிறிஸ்துமஸ் வாரத்தில் 18,500. பாதியை முன்பணமாக அனுப்பச் சொன்னார்கள். அனுப்புவதற்கு முன் நான் கேட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெந்நீர் எத்தனை மணி வரை வரும்? அம்மாவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? கேஸ் சிலிண்டர் நிறைந்ததா, பாதியா? கம்பளி ஆளுக்கு ஒன்றா, இரண்டா? 17 சீட் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா? ஆக, வண்டிக்கு இடம் கேட்டிருக்கிறேன். வண்டியை ஓட்டுகிறவருக்குக் கேட்கவில்லை.

அடுத்து இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு அது கட்டாயம். காசு கிடையாது, விவரம்தான் கேட்கிறார்கள். வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள். எத்தனை பேர் என்ற இடத்தில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். டிரைவரையும் சேர்த்து 15 என்று போடுவதா, 14 போதுமா? நாங்கள்தானே சுற்றுலாப் பயணிகள் என்று 14 போட்டேன்.

24-ஆம் தேதி விடிவதற்கு முன்பே கிளம்பினோம். வண்டி ஏஜென்ட் கொடுத்த துண்டுச்சீட்டில் டோல், பார்க்கிங், ஹில்ஸ் சார்ஜ், டிரைவர் பேட்டா எல்லாம் தனி என்று எழுதியிருந்தது. பேட்டா ஒரு நாளைக்கு 700. டிரைவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நாங்குநேரிப் பக்கத்துப் பையன். வத்தலக்குண்டைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும், அம்மாவுக்கு வாந்தி வந்துவிடக் கூடாதென்று கொண்டைஊசி வளைவுகளில் வண்டியைத் தொட்டிலை ஆட்டுவதுபோலத் திருப்பினார். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பாட்டில் மேலே போனால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமைக் கட்டணம். என் மைனியின் சீரகத் தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது எவர்சில்வர் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை.

மலையேறும்போது பிள்ளைகளுக்குப் பழைய கதை சொல்லிக்கொண்டு போனேன். கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களை 1845-இல் கட்டியவர்கள் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள். கீழே வெயிலிலும் காய்ச்சலிலும் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள், பிழைப்பதற்காக மேலே வந்தார்கள். அந்த ஊரில் காட்டேஜ் என்ற சங்கதியே அப்படித் தொடங்கியதுதான். மோட்டார் சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து ஆட்கள் அவர்களை டோலியிலும் நாற்காலியிலும் வைத்துச் சுமந்துகொண்டு ஏறினார்கள். சுமந்தவர்கள் மேலே வந்து ராத்திரி எங்கே தங்கினார்கள் என்று நான் படித்த எதிலும் இல்லை. அன்று இந்த யோசனையெல்லாம் எனக்கு வரவில்லை. கதையை மட்டும் பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

சாயங்காலம் வராந்தாவில் நட்சத்திரம் கட்டினோம். அச்சுமுறுக்கு டின்னும் முந்திரிக்கொத்து டின்னும் திறந்தாகிவிட்டது. காட்டேஜ் கேர்டேக்கர் முற்றத்தில் கேம்ப் ஃபயர் போட்டுக் கொடுத்தார், விறகுக்குத் தனியாக 800. செல்போனில் 9 டிகிரி காட்டியது. ஒன்பது மணிக்கு மேல் எல்லாரும் ஹாலுக்குள் வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, பைபிளில் இயேசு பெத்லகேமில் பிறக்கும் அதிகாரத்தை அம்மாதான் வாசிப்பார், அப்பா இருந்தபோதும் அதுதான் வழக்கம். சத்திரத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று வருகிற வசனத்தில் அம்மாவின் குரல் எப்போதும் கொஞ்சம் தழுதழுக்கும். அன்றைக்கு நின்றேவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஏல, அந்த டிரைவர் பையன் சாப்பிட்டானா? எங்க படுக்கான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. தட்டில் சப்பாத்தியும் குருமாவும் வாங்கிக்கொண்டு அவர் கீழே போனதை மைனி பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் மனைவி அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். டார்ச்சை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போக, நான் குல்லாவைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். வண்டி சரிவில், நூறடி தள்ளி நின்றது. கண்ணாடி எல்லாம் ஏற்றி, உள்பக்கம் பூராவும் ஆவி படிந்திருந்தது. அந்த ஆவிக்குப் பின்னால், சீட்டுகளுக்கு நடுவே தரையில், செக்கச்செவேலென்று ஏதோ தெரிந்தது. பிள்ளைகள் யாரோ விளையாட்டு விளக்கை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். மனைவி கதவைத் தட்டத் தொடங்கிவிட்டாள். இரண்டு தடவை தட்டியும் அசைவில்லை. மூன்றாவது தடவை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அவர் எழுந்து, தாழைத் துழாவித் துழாவித் திறந்தார். கீழே ஒரு பழைய இரும்புச் சட்டி நிறையக் கனிந்த கரி. குளிருகிறதே பாவம் என்று, கேம்ப் ஃபயர் அணைந்த பிறகு கேர்டேக்கர் அள்ளிக் கொடுத்திருக்கிறார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்.

"தலை லேசா வலிக்குக்கா, குளிருனாலனு நினைச்சேன்" என்றார் டிரைவர். மனைவி சட்டியைத் துணியால் பிடித்து ரோட்டில் கவிழ்த்தாள். எல்லாக் கதவையும் திறந்துபோட்டு அவரை வெளியே கல்லில் உட்காரவைத்து, தலைவலி போகும்வரை நகரவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு அவர் வேண்டவே வேண்டாம் என்றார். அப்படியானால் ராத்திரி நான் எழுப்பும்போதெல்லாம் எழுந்து பேர் சொல்ல வேண்டும் என்று கண்டிஷன் போட்டாள். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுப்பினாள்.

அவள் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். அடைத்த இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது, அப்படியே மயக்கத்துக்குப் போய்விடுவார். கரி நன்றாகக் கனிந்து புகை அடங்கிவிட்டால் பயமில்லை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். புகை இருந்தாலாவது இருமல் வந்து எழுப்பும். 2024 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில், பார்பிக்யூ போட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு இளைஞர்கள் இறந்துபோன செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. நானும் படித்துவிட்டு 'அடப்பாவமே' என்று பக்கத்தைத் திருப்பியவன்தான்.

அன்று ராத்திரி அவர் ஹாலில் என் அண்ணன் மகனுக்கும் என் மகனுக்கும் நடுவில் படுத்தார். படுப்பதற்கு முன் கொஞ்சம் பேசினோம். ஐயப்பன் சீசன், கிறிஸ்துமஸ், புது வருஷம் எல்லாம் அடுத்தடுத்து வருவதால் கார்த்திகையிலிருந்து பொங்கல் வரை முக்கால்வாசி ராத்திரி வண்டியில்தான் தூக்கம் என்றார். சில இடத்தில் வாட்ச்மேன் ரூமில் விடுவார்களாம். சில இடத்தில் டாய்லெட்டுக்குக்கூட உள்ளே விடமாட்டார்களாம். பேட்டாவில் ரூம் எடுக்கலாமே என்று கேட்டேன். "கிறிஸ்துமஸ் வாரத்துல 700 ரூவாய்க்கு இங்க யாரு சார் ரூம் தருவா" என்றார். நான் கட்டியது ஒரு ராத்திரிக்கு 18,500. அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?

காலையில் அவரை வண்டி எடுக்கவிடாமல், உள்ளூர் டாக்ஸி இரண்டு பிடித்து அதிகாலை ஆராதனைக்குப் போய் வந்தோம். வந்த பிறகு காட்டேஜ் உரிமையாளரைப் போனில் பிடித்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது ஹோட்டல் இல்ல, வீடு. டிரைவருக்கெல்லாம் நாங்க எப்படி சார் இடம் கொடுக்க முடியும்?" என்றார். கேட்டில் இருக்கிற போர்டில் 'ரிசார்ட்' என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். அது சும்மா பேருக்கு என்றார்.

இங்கேதான் எனக்கு அரசிடம் ஒரு கேள்வி. ஹோட்டல்களிலும் தங்கும் விடுதிகளிலும் விருந்தினர்களின் ஓட்டுநர்கள் தங்கவும் குளிக்கவும் வசதி செய்து தர வேண்டும், அதே வளாகத்தில் இல்லாவிட்டால் 250 மீட்டருக்குள்ளாவது தர வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் மலையில் குடும்பம் குடும்பமாகப் போகிறவர்கள் இப்போது தேடுவது காட்டேஜையும் ஹோம்ஸ்டேயையும்தான். வாடகை வாங்கும்போது ரிசார்ட், டிரைவருக்குப் படுக்கை கேட்டால் வீடு என்றால் அந்த விதி யாருக்கு? நாள் வாடகைக்கு விடும் எந்தக் கட்டடமாக இருந்தாலும் அது பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிறிய காட்டேஜ்களால் தனி அறை கட்ட முடியாதுதான், மலையில் புதிதாகக் கட்டவும் கூடாது. நான்கைந்து காட்டேஜ்காரர்கள் சேர்ந்து ஒரு பொது அறையை ஏற்பாடு செய்யலாமே. ஏரிப் பக்கம் நகராட்சியே கட்டணம் வாங்கிக்கொண்டு ஓட்டுநர்களுக்கு ஒரு கூடம் நடத்தினாலும் சரி.

இ-பாஸில்தான் எங்கே தங்குகிறீர்கள் என்று ஏற்கெனவே கேட்கிறார்களே, ஓட்டுநர் எங்கே தங்குகிறார் என்று இன்னொரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி இருந்திருந்தால் எனக்குப் பாளையங்கோட்டையிலேயே உறைத்திருக்கும். வருகிற பாஸிலேயே, கரி அடுப்பை அறைக்குள்ளும் வண்டிக்குள்ளும் வைக்கக் கூடாது என்று தமிழில் கொட்டை எழுத்தில் போடலாம். பாட்டிலுக்காக வண்டியை நிறுத்துகிற அதே சாவடியில் அதைச் சொல்லியும் அனுப்பலாம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஏற்காடு போகலாமா என்று தங்கை இப்போதே கேட்கிறாள். என் பழைய கேள்வித் தாளில் வெந்நீருக்கு மேலே புதிதாக ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 26-ஆம் தேதி காலையில் காட்டேஜைக் காலி செய்யும்போது கேர்டேக்கர் தயங்கித் தயங்கி ரசீதை நீட்டினார். வாடகை, விறகு எல்லாம் பேசியபடி இருந்தது. கடைசி வரியில் 'கூடுதல் நபர் 1, ஹாலில் படுக்கை, இரண்டு இரவு, 1,400' என்று இருந்தது. பேசாமல் கட்டிவிட்டேன். இ-பாஸில் நான் 14 என்றுதான் போட்டிருந்தேன். ரசீதில் 15 பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் துறை ஊழியர்,
பாளையங்கோட்டை.