பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: வரைபடக் கணக்கு குறித்து

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வின் கணிதத் தாள்களை இந்த முறை நானே புரட்டிப் பார்த்தேன். 8 மதிப்பெண் வரைபடக் கேள்வியைப் பலர் தொடவே இல்லை. தொட்டவர்களிலும் பலருடைய பரவளையம், அதாவது கிண்ணம்போல வர வேண்டிய வளைவு, இடப்பக்கம் ஒடிந்து கிடக்கிறது. 35 எடுத்தால் தேர்ச்சி என்னும் தாளில் இந்த 8 சின்ன எண் அல்ல.

“கணக்கெல்லாம் எங்களுக்குத் தெரியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூட்டத்தில் சொல்வீர்கள். இந்தக் கேள்வியில் மட்டும் அதை ஏற்க மாட்டேன். தவறைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதன் இரு மடங்கையும் 3-ஐயும் கழிக்க வேண்டும். −3 முதல் 5 வரை வரிசையாகப் போட்டால் வரும் விடைகள்: 12, 5, 0, −3, −4, −3, 0, 5, 12. ‘விகடகவி’யைப் போல எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். பரவளையம் அதை நடுவே பிரிக்கும் கோட்டுக்கு (சமச்சீர் அச்சு) இருபுறமும் ஒன்றுபோல வளைவதே காரணம். பிள்ளைகள் −2-இன் வர்க்கத்தை −4 என்று எழுதிவிடுகிறார்கள். 5 வர வேண்டிய கட்டத்தில் −3 வந்துவிடுகிறது. அட்டவணையை வாங்கி இரு பக்கமிருந்தும் படியுங்கள். சில கணக்குகளில் நடு எண் இரண்டு முறை வரும், அதுவும் சரியே. ஒரு பக்கம் நீண்டிருந்தால், இருக்கும் வரை பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

புள்ளிகளை அளவுகோல் வைத்து இணைக்கக் கூடாது. வளைவின் அடிமுனை கூராக இருந்தாலும் தவறு. கையால், மெதுவாக.

இந்த வளைவு கிடை அச்சை (படுக்கைவாட்டுக் கோட்டை) −1, 3 ஆகிய இடங்களில் வெட்டுகிறது. அவையே மூலங்கள், அதாவது விடை 0 ஆகும் எண்கள். ஆனால் வினாத்தாள் பெரும்பாலும் ஒரு வளைவை வரையச் சொல்லி, வேறொரு சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். கோடும் வளைவும் சந்திக்கும் இடத்தில் விடை இருக்கிறது. வளைவை அழகாக வரைந்துவிட்டு இங்கே நின்றுபோனவர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை. இதை நாங்கள் வகுப்பில் மீண்டும் நடத்துகிறோம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பயிற்சி. வரைபடத்தாள் பள்ளியில் தருவோம். சீவிய பென்சிலும் அழிப்பானும் கொடுத்தனுப்புங்கள். பேனாவால் வரைந்த வளைவுகளைப் பார்த்துப் பார்த்து என் கண் வலிக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்