முதல் நாள் போகும்போது

அன்புள்ள கண்ணுக்கு,

அடுத்த மாதத்திலிருந்து ஒரு முதியோர் இல்லத்தையும் டாக்டராக நீதான் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று சொன்னாய். ரொம்ப சந்தோஷம். அதே மாதிரி ஓர் இல்லத்தில் மாத்திரை விழுங்குகிறவளாக உனக்கு ஒன்று சொல்ல வேண்டும்.

போன வருஷம் போனில் உன் பெயர் வாயில் வராமல் தடுமாறினேனே, மறதி நோய் வந்துவிட்டது என்று நீ அழுதாயே, அது எங்கே ஆரம்பித்தது தெரியுமா? பிரஷருக்கு அம்லோடிபின் அளவைக் கூட்டினார்கள். அதனால் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை வந்தது. ராத்திரியில் சிறுநீர் கழிக்க நாலைந்து தடவை எழுந்தேன் என்று, அதை அடக்க ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார்கள். அதில் வாய் வறண்டது, மலம் இறுகியது, புத்தி மங்கியது. அப்புறம் தூக்கத்துக்கு ஒன்று. எழுதிக்கொடுத்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்றன்றைக்கு நான் சொன்ன குறையை மட்டும் பார்த்தார்கள். முப்பது வருஷம் நர்ஸாக இருந்த எனக்கே பிடிபடவில்லை.

பிடித்தது ஒரு மருந்தாளுநர். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எது எப்போது, எதற்காக வந்தது என்று வரிசையாக எழுதிப் பார்த்தார். பிறகு டாக்டரோடு பேசி ஒவ்வொன்றாகக் குறைத்தார்கள். தூக்க மாத்திரையை மட்டும் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. அதைச் சட்டென்று நிறுத்தவே கூடாது.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. இங்கிலாந்தில் 55 இல்லங்களில் 256 பேரைப் பார்த்த ஆய்வு 2009-இல் வந்தது. ஆளுக்குச் சராசரியாக 8 மருந்துகள். பத்தில் ஏழு பேருக்கு மருந்தில் ஏதாவது ஒரு பிழையாவது இருந்தது. முதியோருக்கு ஆகாத மருந்துகளை அமெரிக்க முதியோர் மருத்துவர் மார்க் பீர்ஸ் 1991-இல் முதன்முதலில் பட்டியல் போட்டதே இல்லங்களில் இருப்பவர்களுக்காகத்தான்.

மறதி நோயாளி ஒருவர் கத்தினால் உடனே மனநோய் மருந்து எழுதிவிடாதே, கண்ணு. அவர்களுக்கு அது உயிராபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே எச்சரித்திருக்கிறது. வலிக்கிறதா, மலம் போனதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார். சொல்லத் தெரியாததால் வலி மாத்திரையே கிடைக்காமல் கிடப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு மருந்து கூட்டத்தான் வேண்டும்.

மாத்திரை கொடுக்கும் பெண்ணிடம் தவறாமல் பேசு. யார் துப்புகிறார்கள், யாருக்குப் பொடித்துக் கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். பழைய கிட்னி ரிப்போர்ட்டை நம்பி அளவு எழுதாதே, புதிதாகப் பார்க்கச் சொல்.

சரி, நீ இங்கே வரும்போது என் மருந்துச் சீட்டையும் ஒரு தடவை பார்த்துவிடு. நெஞ்செரிச்சல் மாத்திரை ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதற்காக ஆரம்பித்தது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

அன்புடன்,
அம்மா