307, 302

அன்பு மகன் செந்திலுக்கு,

காரை உரசிவிட்டுப் போன பைக் ஓட்டினவனைத் துரத்திப் பிடித்து நாலு வார்த்தை கேட்டதாக அம்மாவிடம் பெருமையாகச் சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

காவல் நிலைய எழுத்தராக இருந்தவன் நான். ராத்திரி 307, அதாவது கொலை முயற்சிப் பிரிவு போட்டு முதல் தகவல் அறிக்கை எழுதுவேன். விடிவதற்குள் அரசு மருத்துவமனையிலிருந்து சாவுத் தகவல் வரும். பிரிவை 302, அதாவது கொலை என்று மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்புவோம். (2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அவை 109, 103. எனக்கு வாயில் வருவது பழைய எண்தான்.) லாக்கப்பில் படுத்திருப்பவன் தூக்கத்திலேயே கொலையாளி ஆகியிருப்பான்.

"தொடையிலதானே சார் குத்தினேன்" என்று அழுதவர்கள் உண்டு. தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வயிற்றில் வாங்கியவன் பிழைத்து வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வான். கத்திகூட வேண்டாம். தள்ளிவிட்டதில் பின்மண்டை நடைபாதைக் கல்லில் பட்டவன், எழுந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பான்; மண்டைக்குள் இரத்தம் கட்டி, காலையில் எழுந்திருக்க மாட்டான்.

குற்றவியல் படிக்கும் உன் தங்கை, டேவிட் லக்கன்பில் என்ற அமெரிக்கர் 1977இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டினாள். கலிபோர்னியாவில் ஒரு மாவட்டத்தில் நடந்த 70 கொலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் கடைசி நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்று பார்த்திருக்கிறார். ஒருவன் ஏதோ சொல்கிறான். மற்றவனுக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது, திருப்பிக் கொடுக்கிறான். முதலாமவனும் விட்டுக்கொடுப்பதில்லை. சுற்றி நிற்பவர்கள் ஏற்றிவிடுகிறார்கள், இல்லையென்றால் சும்மா பார்க்கிறார்கள். நம் ஊர் டாஸ்மாக் வாசலைப் பார்க்காமலேயே மனிதர் எப்படி எழுதினாரோ! நான் கண்டவரை, "விடுப்பா, போகட்டும்" என்று சட்டையைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் இருந்த சண்டைகள் பெரும்பாலும் சிறு வழக்கோடு நின்றன. காரில் தனியாகப் போகும் உன்னை யார் இழுப்பார்கள்?

அவன்தானே முதலில் இடித்தான் என்பாய். திடீர்ச் சண்டையில் நேர்ந்த சாவைக் கொலைக்கு ஒரு படி கீழே வைக்கும் விதிவிலக்கு சட்டத்தில் இருக்கிறது. முதலில் சீண்டியது யார் என்பது அங்கே பொருட்டே இல்லை. ஆனால் வெறுங்கையோடு நிற்பவனை ஆயுதத்தால் அடித்தவனுக்கு அந்தச் சலுகையும் கிடைப்பது கடினம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பாதுகாப்புக்கென்று ஒரு இரும்புக் கம்பி வைத்திருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன். கோபம் வந்தால் கை அதைத்தான் தேடும்.

பொங்கலுக்கு முன்பே நாங்கள் வருகிறோம். காரை நானே திறந்து பார்ப்பேன்.

அப்பா