கதிருக்கு அப்பா எழுதுவது

தம்பி கதிர்,

போனில் பேசும்போது ரூமில் பசங்க இருக்கிறார்கள் என்று நீ 'ம்' மட்டும் கொட்டுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

விதைப்பை இடது பக்கம் இரண்டு மாசமாக வீங்கியிருக்கிறது, வலி இல்லை என்றாய். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. நேற்று பீரோவைக் குடைந்து உன் பழைய ஆபரேஷன் ஃபைலை எடுத்தேன். டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் 'ஆறு மாதம் கழித்து ஸ்கேன்' என்று எழுதியிருக்கிறது. பிளஸ் டூ பரீட்சை முடியட்டும் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அப்புறம் மறந்தே போனேன். அந்த வரியைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை, தம்பி.

வேரிகோசீலுக்கு, அதாவது விதைப்பையில் ரத்தக்குழாய்கள் வீங்கியிருந்ததற்கு, உனக்கு லேப்ராஸ்கோபியில், வயிற்றில் சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். வீங்கிய ரத்தக்குழாய்களை மேலே, வயிற்றுக்குள்ளேயே கட்டிவிடுவது. அவற்றை ஒட்டி மயிரிழை மாதிரி நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. அவையும் கட்டில் சிக்கிவிட்டால் நீர் வடிய வழியில்லாமல் விதையைச் சுற்றித் தேங்கிவிடும். அதுதான் ஹைட்ரோசீல், நம் ஊரில் ஓதம் என்பார்கள். மைக்ராஸ்கோப் வைத்து அந்தக் குழாய்களை விலக்கிச் செய்தால் இது மிகக் குறைவு. ஆபரேஷன் முடிந்த கையோடுதான் வரும் என்றில்லை, ஒன்றிரண்டு வருஷம் கழித்தும் வரும். நீ பயந்தாயே, இது யானைக்கால் கொசுவால் வந்ததாக இருக்குமோ என்று? உன் விஷயத்தில் பழைய ஆபரேஷனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆனாலும் நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. வேரிகோசீலே திரும்ப வந்திருக்கலாம். அபூர்வமாக, விதைக்குப் போகும் ரத்தக்குழாய் அடிபட்டு விதை சுருங்கிவிடுவதும் உண்டு. டாப்ளர் ஸ்கேனில் இரண்டு பக்க அளவும் ரத்த ஓட்டமும் தெரிந்துவிடும். கொஞ்சம் நீர் என்றால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்பார்கள். பெரிதாகிவிட்டால் சின்ன ஆபரேஷன். உன் சிநேகிதன் சொன்ன மாதிரி ஊசி போட்டு உறிஞ்ச மட்டும் எங்கேயும் போகாதே. நீர் திரும்பவும் சேரும், சீழ் பிடிக்கவும் கூடும்.

குழந்தை பிறக்காதோ என்று நீ கேட்கவில்லை, ஆனால் நினைத்திருப்பாய். நீர் கட்டியதால் மட்டும் அப்படி ஆகிவிடாது. வேண்டுமானால் விந்துப் பரிசோதனை செய்து பார்க்கலாம், இதில் வெட்கம் எதற்கு?

ஒன்று மட்டும் ஞாபகம் வை. திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் எனக்காகக் காத்திருக்காதே. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். நடுராத்திரி ஆனாலும் வார்டனை எழுப்பு.

சனிக்கிழமை காலை ஐந்தரை பஸ்ஸில் ஃபைலோடு வருகிறேன். யூராலஜி டாக்டரிடம் நீ தனியாகப் பேச வேண்டும் என்றால் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்றால் சொல்கிறேன்.

அப்பா